புஸ்ஸாவுக்குப் பக்கத்தில் சோபர்ஸ்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸ் நாடு ஏப்ரல் 28 அன்று கொண்டாடும் தேசிய நாயகர்கள் தினம் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். அடிமை முறையை எதிர்த்து உயிரை விட்ட புஸ்ஸாவின் பெயர் இருக்கும் பட்டியலில் கிரிக்கெட் ஆடிய கார்ஃபீல்ட் சோபர்ஸுக்கும் பாடகி ரிஹானாவுக்கும் என்ன வேலை? தியாகமும் புகழும் ஒன்றா?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் சோபர்ஸை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புஸ்ஸா ஆப்பிரிக்காவில் பிறந்து, பெய்லி தோட்டத்தில் அடிமையாக இருந்தவர். 1816 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு இரவில் வெடித்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிச் சண்டையிலேயே இறந்தார். அவருக்கு ஓர் உருவப்படம்கூடக் கிடையாது. தலைநகர் பிரிட்ஜ்டவுனுக்கு அருகே சாலைச் சந்திப்பில் ஒரு வெண்கல மனிதன் நிற்கிறான். மேலே தூக்கிய இரு கைகளிலும் அறுந்த சங்கிலி தொங்குகிறது. 1985இல் கார்ல் புரூட்ஹாகன் அதை விடுதலைச் சிலையாகத்தான் வடித்தார். ஊர் ஜனங்கள் அதை 'புஸ்ஸா' என்றே அழைக்கிறார்கள். முகம் தெரியாத தலைவனுக்கு அவர்களே ஒரு முகம் கொடுத்துவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. வறுமை ஒழியவில்லை. 1937 ஜூலையில், தொழிலாளர்களைத் திரட்டிய கிளெமென்ட் பெய்னை அரசு நாடு கடத்தியபோது பிரிட்ஜ்டவுன் கொந்தளித்தது. 14 பேர் இறந்தார்கள். பெய்னுக்காக வாதாடிய வழக்கறிஞர் கிராண்ட்லி ஆடம்ஸ். அவர் பிறந்த நாளான ஏப்ரல் 28தான் இந்தத் தேசிய நாயகர்கள் தினம்.

அந்தக் கலவரம் வெடித்தபோது, அதே ஊரின் பே லேண்ட் பகுதியில் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வர இரண்டே நாள் இருந்தது. அந்தக் குழந்தைதான் சோபர்ஸ். அவருக்கு ஐந்து வயதானபோது, கப்பலில் வேலை பார்த்த தந்தை ஜெர்மன் நீர்மூழ்கியின் தாக்குதலில் மாண்டார். 21 வயதில் கிங்ஸ்டனில் ஆட்டமிழக்காமல் 365 ஓட்டம் எடுத்து அவர் உலக சாதனை படைத்த 1958இல்கூட, மேற்கிந்தியத் தீவுகள் அணிக்குக் கறுப்பர் ஒருவரை நிரந்தர கேப்டனாக்க நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. 1960இல்தான் ஃபிராங்க் வாரல் வந்தார். அவருக்குப் பின் சோபர்ஸ். கரும்புத் தோட்டத்து மக்களின் வாரிசு தலைமை ஏற்று மைதானத்தில் இறங்குவதை அந்தத் தீவு வெறும் விளையாட்டாகப் பார்த்திருக்க முடியுமா?

ரிஹானா விஷயத்தில் உங்கள் பக்கம் சாய்கிறேன். 2021இல் பார்படோஸ் குடியரசான விழாவில் தேசிய நாயகர் பட்டம் அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 33. இன்னும் சில காலம் பொறுத்திருக்கலாம்.

அவருக்கு முன்பு அந்தப் பட்டியலில் இருந்த பத்துப் பேரில் ஒரே பெண் சாரா ஆன் கில். மெதடிஸ்ட் பிரிவுக் கிறிஸ்தவர்கள் அடிமைகளுக்கு அனுதாபம் காட்டுகிறார்கள் என்று சொல்லி 1823இல் வெள்ளையர் கும்பல் ஒன்று அவர்களுடைய தேவாலயத்தை இடித்தது. மிரட்டலுக்கு அஞ்சாமல் தன் வீட்டுக்குள்ளேயே வழிபாடு நடத்தினார் அந்தப் பெண்மணி. என் கட்டுரையில் அவர் பெயரை மட்டும் சொல்லிக் கடந்துவிட்டேன். அது தவறு. அடுத்து எழுதப்போவது அவரைப் பற்றித்தான்.

அன்புடன்.