திருநீற்றுப்பச்சிலை மஞ்சளாகிறதா? இலையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: மாடியில் 12 அங்குல வளர்ப்புப் பைகளில் பேசில், அதாவது திருநீற்றுப்பச்சிலை வளர்க்கிறேன். மளிகைக் கடையில் வாங்கிய சப்ஜா விதைதான். பைக்கு ஐந்து செடி. மார்கழி பிறந்ததிலிருந்து இலைகள் திட்டுத்திட்டாக மஞ்சளாகின்றன. அடிப்பக்கம் அழுக்குப் படிந்ததுபோல் இருக்கிறது. சத்துக் குறைவு என்று ஒரு ஸ்பூன் யூரியா வைத்தேன், தேறவில்லை. ஒரு சாண் வளர்வதற்குள் கதிரும் விட்டுவிடுகிறது. தினமும் சாயங்காலம் செடி முழுக்க நனையத் தண்ணீர் தெளிக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அழுக்கு என்று நினைப்பதுதான் நோய். அடிச்சாம்பல் நோய். தழைச்சத்துக் குறைந்தால் முதலில் அடி இலைகள் முழுதாக, ஒரே சீராக வெளுக்கும். அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். இந்த நோயில் மஞ்சள் நரம்போடு நின்றுவிடும், நரம்புக்கு நரம்பு கட்டம் கட்டினாற்போல. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் இலையைத் திருப்பிப் பார்த்தால் சாம்பலும் ஊதாவும் கலந்த பூசணம் தெரியும். சில நாளில் அந்த இடம் கருகிவிடும்.

இலை இரவு முழுக்க ஈரமாக இருந்தால்தான் இது இப்படிப் பரவும். மார்கழிப் பனி போதாதென்று சாயங்காலத் தெளிப்பு வேறு. பைக்கு ஐந்து செடி என்பதால் நடுவில் காற்றும் போகாது. யூரியா வேண்டவே வேண்டாம்; இலை கொழுத்து மென்மையாகும், நோய்க்கு இன்னும் வசதி. ஏற்கெனவே வைத்ததற்கு, அடித்துளை வழியே வடியுமாறு ஒரு தடவை மண்ணில் நிறையத் தண்ணீர் ஊற்றி விடுங்கள்.

மஞ்சள் கண்ட இலைகளைக் கிள்ளிக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். பாதிக்கு மேல் பாதித்த செடியை வேரோடு எடுத்துவிடுங்கள். பைக்கு இரண்டு செடி போதும். தண்ணீர் காலையில், மண்ணில் மட்டும். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகு. ஆறு மணி நேர வெயில் கிடைக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். கந்தகத் தூள் போடச் சொல்வார்கள். அது இலையின் மேல்பக்கம் வெள்ளையாகப் படியும் சாம்பல் நோய்க்கு, இதற்குக் கேட்காது. பச்சையாகவே தின்னும் இலை என்பதால் பூஞ்சாணக் கொல்லி பக்கம் போக வேண்டாம். இந்தச் செடிகளில் விதையும் எடுக்காதீர்கள், நோய் விதையோடு வரும்.

கதிர் விடுவதற்கு வருவோம். மளிகைச் சப்ஜாவும் பாஸ்தாவில் போடும் பேசிலும் தாவர இனத்தால் ஒன்றுதான், ரகம் வேறு. சப்ஜா விதைக்காக வளர்ப்பது. பெரும்பாலும் இலை சிறுத்து, சீக்கிரம் கதிர் விடும். அகன்ற இலை வேண்டுமென்றால் ஸ்வீட் பேசில் அல்லது ஜெனோவீஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் அடிச்சாம்பலுக்கு அந்த ரகம்தான் முதலில் விழும், கவனம்.

எந்த ரகமானாலும் நுனி கிள்ளாவிட்டால் கதிர் வரும். ஆறு ஜோடி இலை வந்ததும், கீழிருந்து நான்காம் ஜோடிக்குச் சற்று மேலே கத்தரியுங்கள். அந்த இலைக் கக்கங்களிலிருந்து இரண்டு கிளை கிளம்பும். அவற்றையும் அப்படியே, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இலையே இல்லாத கட்டைத் தண்டு வரை வெட்டினால் துளிர்ப்பது சந்தேகம்.

அடுத்த விதைப்பை மாசியில் வைத்துக்கொள்ளலாம். செம்மண், கழுவிய தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. விதையை ஊறவைக்காதீர்கள், வழுவழுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த விதையைத் தூவி, கால் அங்குலத்துக்கும் குறைவாக நார்க்கழிவு போர்த்தி, பூவாளியால் நனைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். நாற்று அடித்தண்டு நைந்து சாய்ந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். சித்திரை வெயிலில் நண்பகலுக்கு மட்டும் நிழல்வலை கட்டுங்கள்.

பறித்த கிளைகளை ஃபிரிட்ஜில் வைத்தால் இலை கறுத்துவிடும். சமையலறையில் ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். பத்து நாளில் வேர் விட்டால் அதையே நட்டுக்கொள்ளலாம், நோயில்லாத கிளையாக இருந்தால்.