தேய்ப்பதற்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீர்

கேள்வி: எங்கள் கூடத்தில் பாட்டனார் காலத்து ஓக் மரத்தளம் இருக்கிறது. நடமாட்டம் மிகுந்த வழியில் மெருகு போய் வெளுத்துவிட்டது. சன்னலடியில் கறுத்த கறைகளும் உண்டு. தேய்ப்பு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து முழுவதையும் நாங்களே தேய்த்துவிடலாமா?

பதில்: உடனே இயந்திரத்துக்குப் போக வேண்டாம். வெளுத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்கள் கழிந்தும் அது முத்துப்போல் நின்றால், பழைய பூச்சு இன்னும் மரத்தைக் காக்கிறது என்று பொருள். 120 அல்லது 150 எண் உப்புத்தாளால் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) மேலாக உரசி, தூசியைத் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு பூச்சு கொடுத்தாலே போதும். ஆனால் முன்பு யாரேனும் மெழுகு போட்டிருந்தால் அதன்மேல் வார்னிஷ் ஒட்டாது. டர்பன்டைனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்கும்போது மஞ்சளாகவோ பழுப்பாகவோ பிசுக்கு ஏறினால், அங்கே மெழுகு இருக்கிறது எனக் கொள்ளலாம்.

சொட்டு உள்ளிறங்கி மரம் கறுத்தால் முழுத் தேய்ப்புதான் வழி. அப்போதும் வாசற்படியருகே ஒரு பலகையின் விளிம்பைப் பார்த்துவிடுங்கள். பலகை சுமார் 19 மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தாலும், பலகைகளைப் பிணைக்கும் நாக்குக்கு மேலே உள்ள ஆறு மில்லிமீட்டர் அளவு மரத்தைத்தான் நாம் செலவழிக்க முடியும். ஒட்டுப்பலகையின்மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டிய தளமாக இருந்தால் இயந்திரம் அதைத் தின்றே தீர்த்துவிடும். பழைய பெயின்ட் இருந்தால், அதில் ஈயம் உண்டா என்று சோதிக்காமல் தேய்க்கவே கூடாது.

சன்னலடிக் கறை பெரும்பாலும் அழுக்கன்று. ஓக் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும், ஆணியிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்த இரும்பும் கலந்து உண்டானது. தேய்த்த பிறகும் மிஞ்சினால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதை வெளுக்கும். அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் வேண்டும், பிறகு நன்றாகக் கழுவித் துடைக்கவும் வேண்டும்.

கேள்வி: உருளை இயந்திரத்தால் தேய்த்தோம். வார்னிஷ் பூசிய பிறகு தரை முழுவதும் அலை அலையாகத் தெரிகிறது. தவறு எங்கே?

பதில்: சுழலும் உருளை ஒரே இடத்தில் நொடிப்பொழுது நின்றாலும் அங்கே பள்ளம் விழும். இயந்திரம் நகரத் தொடங்கிய பிறகே உருளையை இறக்க வேண்டும். நிற்பதற்கு முன்பே தூக்கிவிட வேண்டும். நீங்கள் 40 எண் தாளிலிருந்து நேரே 100க்குத் தாவியிருந்தால் அதன் கீறல்களும் சேர்ந்திருக்கும். நடுவில் 60, 80 இரண்டையும் விடக் கூடாது. மீண்டும் 60லிருந்து தொடங்கி, மரத்தின் ரேகையை ஒட்டியே போங்கள். பூசுவதற்கு முன், விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பார்த்தால், பகலில் கண்ணுக்குத் தப்பிய ஒவ்வொரு கீறலும் நிழலோடு எழுந்து நிற்கும். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் பலரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

கேள்வி: எண்ணெய்ப் பூச்சு நல்லதா, நீர்ப் பூச்சு நல்லதா?

பதில்: எண்ணெய் வகை பாலியூரிதேன் (தரைக்குப் பூசும் கெட்டியான வார்னிஷ்) மரத்துக்குத் தேன் நிறம் தரும், ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளி வேண்டும். நீர் வகை நிறம் மாற்றாது, சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். வீட்டிலேயே தங்கிக்கொண்டு செய்பவர்களுக்கு, வாடை குறைந்த நீர் வகையையே நான் சொல்வேன். ஆளிவிதை எண்ணெய் அல்லது எண்ணெய்ச் சாயம் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்த பிறகே அதைக் குப்பையில் சேருங்கள்.