கடுகளவு கலப்பு, வெளிச்சமே வேறு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. புராஜெக்டுக்கு வாங்கிய கார்பசோல் (ஒளிரும் பொருள்கள் செய்ய உதவும் கரிமச் சேர்மம்) புட்டியில் 98 விழுக்காடு சுத்தம் என்று போட்டிருக்கிறது. போதாதா?

பதில்: வெளிச்சம் பார்க்கிற வேலைக்குப் போதாது தம்பி. இது நம்ம ஊரிலேயே நடந்த கதை. புற ஊதா விளக்கை அணைத்த பிறகும் கார்பசோல் சார்ந்த பொடிகள் மினுங்கும், அது அவற்றின் சொந்தக் குணம் என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் லியு பின் குழுவினர் கடைச்சரக்கை விட்டுவிட்டுச் சுத்தமான கார்பசோலைத் தாங்களே தயாரித்துப் பார்த்தால், மினுக்கம் கிட்டத்தட்டக் காணோம், ஒளிர்வும் நீலப் பக்கம் 54 நானோமீட்டர் நகர்ந்திருக்கிறது (2021, நேச்சர் மெட்டீரியல்ஸ் ஆய்விதழ்). கடைச்சரக்கில் அரை விழுக்காடுகூட இல்லாத ஓர் ஐசோமர், அதாவது அதே அணுக்கள் வேறு மாதிரி அடுக்கப்பட்ட மூலக்கூறு, ஒளிந்திருந்திருக்கிறது! சுத்தச் சரக்கிலிருந்து செய்த 10 சேர்மங்களும் மினுங்கவில்லை, 0.1 விழுக்காடு ஐசோமரைக் கலந்ததும் மினுக்கம் திரும்பிவிட்டது.

கேள்வி: ஆயிரத்தில் ஒன்று எப்படி ஐயா மொத்தத்தையும் மாற்றும்?

பதில்: பல்லாங்குழி ஆடியிருப்பீர்கள். பொடி வாங்கிய ஆற்றல் ஒரே மூலக்கூறில் உட்கார்ந்திருக்காது, முத்து மாதிரி குழிக்குக் குழி தாவும். வழியில் ஒரு குழி மட்டும் ஆழமாக இருந்தால் அங்கேயே விழுந்துவிடும், பிறகு வெளிச்சம் அந்தக் குழியின் நிறத்தில்தான் வரும். நீல ஊதாவாக ஒளிரவேண்டிய ஆந்த்ரசீன் படிகம், அதன் உறவுக்காரச் சேர்மமான டெட்ராசீன் துளி சேர்ந்தால் பச்சையாகத் தெரிவது இதனால்தான். கார்பசோலில் மாட்டுவது மின்னூட்டம். பிரிந்துபோன எலக்ட்ரான் மெதுவாகத் திரும்பி வந்து சேர்வதால் மினுக்கம் நீள்கிறது.

கேள்வி: கைத்தொலைபேசி கீழே விழுந்ததிலிருந்து ஓஎல்இடி திரையில் கறுப்புத் திட்டு பரவுகிறது. இதுவும் அசுத்தமா?

பதில்: இல்லைக்கா, பெரும்பாலும் விரிசல் வழியாக ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே போயிருக்கும். நம்ம ஊர் ஈரப்பதத்துக்குக் கேட்கவா வேண்டும். திரையை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் அண்ணே. மூலக்கூறின் எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் போட்டால் தெரியாதா?

பதில்: ஐசோமருக்கும் அதே எடைதானே, எடையை மட்டும் பார்த்தால் பிடிபடாது. கலவையைக் கரைசலாக ஒரு குழாய் வழியே ஓடவிட்டுப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவியில் போடுங்கள், அதிலும் இரண்டையும் பிரிக்கிற சரியான குழாய் (column) வேண்டும். ஒருமுறை எங்கள் ஆய்வகத்தில் திடீரென்று மினுக்கம் நின்றுபோய், பாவம், ஒரு ஜூனியரை இரண்டு வாரம் குடைந்தெடுத்தேன். கடைசியில் பார்த்தால் சரக்கு வாங்கும் இடத்தைத்தான் மாற்றியிருந்தோம். அதனால் இரண்டு கடையில் வாங்கி, ஒரே புற ஊதா விளக்கின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புட்டியின் லாட் எண்ணையும் நோட்டில் எழுதி வையுங்கள்.