ரக்பி யூனியனில் (அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பி வகை) ஒரு வீரர் இரண்டு நாடுகளுக்கு ஆட முடியுமா?

முடியும், ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நாடு மாறலாம். ஒரு நாட்டின் சீனியர் அணிக்காகக் கடைசி ஒரு நிமிடம் களமிறங்கினாலும் வீரர் அந்த நாட்டுக்குக் கட்டுப்பட்டவராகிறார்.

2022 ஜனவரி முதல், இந்த ஆட்டத்தை உலக அளவில் நிர்வகிக்கும் வேர்ல்டு ரக்பி அமைப்பு இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கடைசி சர்வதேச ஆட்டத்திலிருந்து 36 மாதம் ஓடியிருக்க வேண்டும். புதிய நாட்டில் அவரோ, பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ பிறந்திருக்க வேண்டும். செல்பேசி எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் காத்திருப்பது மாதிரிதான், காத்திருப்பு மட்டும் மிக நீளம்.

காரணம் எளிது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற பெரிய அணிகளுக்குச் சில ஆட்டங்கள் ஆடிவிட்டு ஓரங்கட்டப்பட்ட பலர், பூர்வீகமான பசிபிக் தீவு நாடுகள் டோங்காவுக்கோ சமோவாவுக்கோ ஆட முடியாமல் வீணானார்கள். விதி மாறிய 2022-லேயே, நியூசிலாந்துக்கு ஆடிய சார்லஸ் பியூடாவும் ஆஸ்திரேலியாவின் இஸ்ரேல் ஃபோலாவும் டோங்கா சட்டை அணிந்தார்கள்.

பலர் நினைப்பதுபோல் பாஸ்போர்ட் கிடைத்தால் போதாது: முதல் நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த நாட்டு ரக்பி சங்கத்தில் மட்டும் தொடர்ந்து 60 மாதம் பதிவாகியிருப்பது உதவும், நாடு மாறுவதற்கு அது செல்லாது.