பாகுபாடு தடுப்புச் சட்டம் கொண்டுவரப்போவதாக ஓர் அரசு அறிவித்தால், அதில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், சட்டம் எங்கெல்லாம் செல்லுபடியாகும் என்று பாருங்கள். பிரிட்டனின் 1965 இன உறவுச் சட்டம் ஹோட்டல், திரையரங்கு போன்ற பொது இடங்களோடு நின்றுவிட்டது. மக்கள் பாகுபாட்டால் அதிகம் பாதிக்கப்பட்டதோ வேலையிலும் வாடகை வீட்டிலும். அவை 1968-இல்தான் சேர்க்கப்பட்டன.

மறைமுகப் பாகுபாட்டுக்கும், அதாவது எல்லோருக்கும் பொதுவான விதிபோலத் தோன்றி ஒரு பிரிவினரையே பாதிப்பதற்கும், அதில் தடை இருக்க வேண்டும். வேலைக்குத் தேவையே இல்லாத உயரத்தைத் தகுதியாக வைத்தால், பெரும்பாலான பெண்கள் தானாகவே விலக்கப்பட்டுவிடுவார்கள்.

என்னைப் பொறுத்தவரை உயிர்நாடி, நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதுதான். கோப்புகள் எல்லாம் முதலாளியிடம் இருக்கும்போது, வேலை மறுக்கப்பட்டவர் எதைக் காட்டுவார்? பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டப்படி, பாகுபாடு நடந்திருக்கலாம் என்று நம்பவைக்கும் விவரங்களை அவர் காட்டினால் போதும். நடக்கவில்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. அறிவிப்பில் இதைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால், வரைவு நிலையிலேயே எழுதிக் கேளுங்கள்.