எம்டனும் 74 கப்பல்களும்: கேள்வி பதில்

(பதில் சொல்பவன் 30 வருஷம் கப்பல் ரிப்பேர் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். வரலாறு படித்தது ரிடையர் ஆன பிறகு.)

ராயபுரம் இளைஞர்: அண்ணே, நம்ம சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கடைசியில் சரணடைந்ததா?

கடைசியில் சரணடையத்தான் செய்தது தம்பி. 1914 செப்டம்பர் 22 இரவு இங்கே எண்ணெய் டேங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிவாங்கி, கரையில் ஏறி நொறுங்கிவிட்டது. ஆனால் ஜெர்மானியர் அதே பெயரில் இன்னொன்று கட்டினார்கள். முதல் உலகப் போர் நின்றதும் ஆயுதத்தைப் பிடுங்கி பிரிட்டிஷ் பிடியில் வைத்த 74 ஜெர்மன் போர்க்கப்பல்களில் அதுவும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை அதில் இருந்த ஜெர்மானியரே பின்னால் மூழ்கடித்துவிட்டார்கள்.

காசிமேடு, விசைப்படகு வைத்திருப்பவர்: ஆயுதத்தைப் பிடுங்குவது என்றால் பீரங்கியையே கழற்றுவார்களா?

அதற்குக் கிரேன் வேண்டும், மாசக்கணக்கில் ஆகும். சுலபமான வழி, பீரங்கியின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புக் கட்டையை எடுத்துவிடுவது. அது இல்லாமல் வெடித்தால் நெருப்பு முன்னால் போகாது, சுடுகிறவன் மூஞ்சிக்கே வரும். ஆக, எத்தனை டன் பீரங்கியானாலும் வெறும் குழாய்தான். குண்டுகளையும் மருந்தையும் ஜெர்மனியிலேயே இறக்கிவிட்டார்கள். 1918 நவம்பர் 21 அன்று ஸ்காட்லாந்துக் கடற்கரைக்கு வந்த கப்பல்களில் பிரிட்டிஷார் ஏறி, ஒளித்து வைத்த குண்டு இருக்கிறதா என்று சோதித்தார்கள். அப்புறம் வடக்கே ஸ்காபா ஃப்ளோ என்ற தீவு சூழ்ந்த கடலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வயர்லெஸ்ஸும் பிடுங்கியாயிற்று.

தண்டையார்பேட்டை மாணவி: சோதனை முடிந்ததும் உள்ளே காவல் போட்டிருக்கலாமே சார்?

நல்ல கேள்வி அம்மா, விஷயமே இதில்தான் இருக்கிறது. சட்டப்படி அவை சரணடைந்த கப்பல்கள் இல்லை. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை நிறுத்தி வைக்கப்பட்டவை, அவ்வளவுதான். சொத்து இன்னும் ஜெர்மனியுடையது, உள்ளே இருந்ததும் ஜெர்மன் ஆட்கள். பிரிட்டிஷார் வெளியே ரோந்து சுற்றினார்கள். நம் வாசலில் நிறுத்திய அடுத்தவன் வண்டிக்குள் நாம் ஏறி உட்கார முடியாத மாதிரி.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: குண்டே இல்லாமல் எப்படி மூழ்கடித்தார்கள்?

எந்தக் கப்பலிலும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கடல் வால்வு இருக்கும். என்ஜினைக் குளிர வைக்க, பைப்பில் தண்ணீர் எடுக்க. பட்டறையில் நாங்கள் அதைத் தொடுவதற்கு முன் நாலு தடவை யோசிப்போம். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் கடலே உள்ளே வந்துவிடும். 1919 ஜூன் 21 காலை, காவலுக்கு இருந்த பெரிய கப்பல்கள் பயிற்சிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஜெர்மன் தளபதி ராய்ட்டர் சிக்னல் கொடுத்தார். வால்வுகளைத் திறந்தார்கள், உள்கதவுகளைத் திறந்து போட்டார்கள், யாரும் மறுபடி மூடிவிடக் கூடாதென்று சாவிகளையும் ஸ்பேனர்களையும் கடலில் வீசினார்கள். மாலைக்குள் 52 கப்பல்கள் அடியில். 9 ஜெர்மானியர் செத்தார்கள். குண்டைத் தேடியவர்கள் ஸ்பேனரை ஆயுதமாக நினைக்கவில்லை என்பது ஃபிட்டரான எனக்கு இன்றும் சிரிப்புதான்.

காசிமேடு, பழைய இரும்புக் கடைக்காரர்: அவ்வளவு இரும்பும் வீணா?

அதெப்படி விடுவார்கள்! எர்னஸ்ட் காக்ஸ் என்ற காயலான் வியாபாரி 1920களில் ஒவ்வொன்றாகத் தூக்கி உடைத்து விற்றார். பெரிய கப்பல்களைக் கவிழ்ந்த கோலத்திலேயே ஓட்டை அடைத்து, உள்ளே காற்றடித்து மேலே கொண்டுவந்தார். 7 கப்பல்கள் இன்னும் கீழேதான் கிடக்கின்றன.

ராயபுரம் இளைஞர் (மறுபடியும்): அந்த இரண்டாவது எம்டன்?

ராய்ட்டர் உத்தரவு கொடுத்ததே அதிலிருந்துதான். ஆனால் அது மூழ்கவில்லை தம்பி. பிரிட்டிஷார் கரைக்கு இழுத்துவிட்டார்கள். அப்புறம் பிரான்ஸ் பங்கில் போய், 1926இல் உடைத்தார்கள்.