இவ்வளவு பெரிய பிரபஞ்சம் உயிர்களுக்காக வடிவமைக்கப்பட்டிருக்க முடியுமா?

"உயிர்களுக்காக என்றால் எதற்கு இவ்வளவு இடம்?" என்பதுதான் பலரும் உடனே கேட்பது. இந்த ஒரு வாதத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. பெருவெடிப்பில் கிடைத்தது ஹைட்ரஜன், ஹீலியம், கொசுறாகக் கொஞ்சம் லித்தியம், அவ்வளவுதான். கார்பனும் ஆக்சிஜனும் நட்சத்திரங்களுக்குள் உருவாகி, அவை செத்த பிறகு வெளியே வந்தவை. அதற்கெல்லாம் காலம் பிடிக்கும். அதுவரை பிரபஞ்சம் விரிந்துகொண்டேதான் இருக்கும். 1380 கோடி ஆண்டு வயதாகிவிட்ட பிரபஞ்சம் சின்னதாக இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, அப்படியானால் வடிவமைப்புதானா? அந்தக் கட்சியின் கையில் இருப்பதிலேயே அழகான சான்று கார்பன்தான். மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்தால் ஒரு கார்பன். ஆனால் முதல் இரண்டும் சேர்ந்து உண்டாகும் பெரிலியம்-8, நொடியில் கோடி கோடியில் ஒரு பங்கு நேரம்கூடத் தாங்காது. அதற்குள் மூன்றாவது வந்து மோதியாக வேண்டும். 1953-இல் பிரிட்டிஷ் வானியற்பியலாளர் ஃபிரெட் ஹாயில், அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த அணுக்கரு இயற்பியலாளர் வில்லியம் ஃபவுலரிடம் போய், கார்பன் அணுக்கருவுக்கு ஏறத்தாழ 7.7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு இது) ஓர் ஆற்றல் நிலை இருந்தே தீர வேண்டும் என்றார். இல்லையென்றால் உலகில் இவ்வளவு கார்பன் சேர்ந்திருக்க வழியில்லை என்பது அவர் கணக்கு. அங்கே சோதித்துப் பார்த்தார்கள், இருந்தது! நாத்திகரான ஹாயிலே பிற்காலத்தில், ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கைவைத்திருக்கிறது என்று பேச ஆரம்பித்தார்.

எனக்கும் இது வியப்புதான். ஆனால் 1989-இல் வானியற்பியலாளர் மரியோ லிவியோவும் சகாக்களும் அந்த ஆற்றல் நிலையைக் கணக்கில் 0.06 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் மேலே நகர்த்திப் பார்த்தார்கள். கார்பன் உற்பத்தி பெரிதாக மாறவில்லை. மயிரிழை தப்பினால் எல்லாம் போச்சு என்று யூடியூபில் சொல்கிற அளவுக்கு நிலைமை இல்லை.

பல பிரபஞ்சங்கள் உண்டு, நமக்கு வாய்த்தது இது என்பார்கள் சிலர். பார்க்கவே முடியாத அதை நம்பச் சொல்வதும் எனக்குக் கொஞ்சம் அதிகப்படிதான்.

என் கருத்து: உயிருக்கு இடம் கொடுக்கிறது என்பது வேறு, உயிருக்காகவே ஆக்கியது என்பது வேறு. சுவர் விரிசலில் அரசங்கன்று முளைக்கிறது. அதற்காகவா சுவர் கட்டினோம்? பிரபஞ்சத்தின் சராசரி அடர்த்தியைப் பார்த்தால் ஒரு கன மீட்டருக்கு ஐந்தாறு புரோட்டான் எடைதான் தேறும், கிட்டத்தட்ட வெறுமைதான். நம் பூமிக்கே சூரியன் இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுதான் கெடு வைத்திருக்கிறது. அப்புறம் கடல் எல்லாம் ஆவிதான்.

ஒன்று நடந்தால் மறுபடி யோசிப்பேன். செவ்வாயிலோ, வியாழனின் நிலவான யூரோப்பாவிலோ, பூமியோடு எந்த உறவும் இல்லாமல் தானாகத் தோன்றிய உயிர் கிடைக்க வேண்டும். ஒரே சூரியக் குடும்பத்தில் இரண்டு முறை என்றால், இயற்கை விதிகளுக்கு உயிர்மேல் ஒரு சாய்வு இருக்கிறது என்றாவது ஒப்புக்கொள்வேன். நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-இல் வியாழனை எட்டும். அங்கே உயிர் வாழச் சூழல் உண்டா என்றுதான் அது முதலில் பார்க்கப் போகிறது, உயிரையே தேட அல்ல.